அ, ஆ முதலிலா, ஃபோனிக்ஸ் முதலிலா? யு.கே.ஜி. படிக்கும் பாப்பாவின் அப்பாவுக்கு ஒரு பதில்

கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் ஆங்கில வழிப் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியில் ஃபோனிக்ஸ் முறையில் சொல்லித்தருவதால் பாப்பா ஏ, பி, சி என்று சொல்லாமல் 'ஆ, ப், க்' என்கிறாள். அப்பாயி, "முதல்ல அ, ஆ வரட்டும், அப்புறம் இங்கிலீஷைப் பார்த்துக்கலாம்" என்கிறார். பாப்பாவின் அம்மா, பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்கிறார். ஃபோனிக்ஸ் உண்மையிலேயே தேவையா, இரண்டு மொழியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை குழம்புமா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எழுதச் சொன்னால் அழுகிறாள்." இதைப் படித்ததும் எனக்குப் பட்டது இதுதான்: எந்த மொழி முதலில் என்பது மேலே தெரிகிற கேள்வி, அதற்கு அடியில் இருப்பது, பேசும் ஒலிக்கும் தாளில் இருக்கும் கோட்டுக்கும் உள்ள தொடர்பு ஒரு பிள்ளைக்கு எப்படிப் பிடிபடுகிறது என்பது. அது பிடிபட்டுவிட்டால் நீங்கள் கேட்ட மற்றதெல்லாம் பாதி தீர்ந்துவிடும்.

நான் பல வருடங்களாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருப்பவள். முதலில் சேலத்தில் தறி ஓட்டுபவர்களின் பிள்ளைகள் அதிகம் படித்த ஒரு பள்ளியில், அப்புறம் நீண்ட காலம் ஏற்காட்டு மலைக் கிராமங்களில். சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழம்பமாட்டாள், இரண்டும் சேர்ந்தே போகலாம், தனி வகுப்பு கட்டாயமில்லை, எழுதுவதை மட்டும் இப்போதைக்கு அவசரப்படுத்தாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று இனி விரிவாக.

ஃபோனிக்ஸ் என்றால் என்ன என்பதே பலருக்கு மூடுமந்திரமாக இருக்கிறது. சி, ஏ, டீ என்று மூன்று எழுத்தின் பெயரையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'சியேடீ' என்று வருமே தவிர பூனை வராது. நம் தலைமுறை அதைச் சொல்லிச் சொல்லி உருப்போட்டது. சி-ஏ-டீ கேட், கேட்னா பூனை, அவ்வளவுதான். புதிதாக ஒரு சொல்லைக் கண்டால் யாராவது படித்துக்காட்ட வேண்டும், இல்லையென்றால் விழிக்க வேண்டும். எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அது தரும் ஒலியைச் சொல்லி, ஒலிகளை வரிசையாகச் சேர்த்தால் சொல் தானாக வாயில் வந்து விழும், அதுதான் ஃபோனிக்ஸ். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ சுமார் 44, எனவே ஓர் எழுத்துக்குப் பல ஒலிகளும், இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலியும் (எஸ்ஸும் எச்சும் சேர்ந்தால் 'ஷ்') இருக்கத்தான் செய்யும். ஏ, பி, சி வரிசையில் போகாமல் எஸ், ஏ, டீ, பி, ஐ, என் என்று பள்ளியில் ஆரம்பிப்பதைப் பார்த்துப் பெற்றோர் சிலர் பதறுகிறார்கள். காரணம் இருக்கிறது. இந்த ஆறு எழுத்தை வைத்தே ஸிட், பின், டின், டேப், பேன், ஸ்பின் என்று ஏகப்பட்ட சின்னச் சொற்களைப் பிள்ளை முதல் மாதத்திலேயே படித்துவிடலாம். அதோடு, பஸ்ஸின் முதல் எழுத்தும் டாக்டரின் முதல் எழுத்தும் சின்ன எழுத்தில் ஒன்றை ஒன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இருப்பவை, அவை இரண்டும் ஒரே வாரத்தில் வந்து பிள்ளையைத் திணறடிக்காமல் தள்ளிவைக்கவும் இந்த வரிசை உதவுகிறது.

அப்பாயிக்கு இது வெளியூர்ச் சரக்கு மாதிரித் தோன்றலாம். அவரிடம் க் + ஆ = கா என்று எழுதிக் காட்டுங்கள். மெய்யையும் உயிரையும் தனித்தனி ஒலியாகப் பிரித்து, சேர்த்து, புது எழுத்து உண்டாக்குவதை நாம் காலம்காலமாகச் செய்துவருகிறோம். அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் ஆனா, ஆவன்னா, கானா என்று எழுத்தின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார்கள், ஆனால் 'பட' என்று இருப்பதைப் 'பானா டானா' என்று யாரும் படித்ததில்லை. பெயர் வேறு, ஒலி வேறு என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். அது மட்டுமில்லை, புள்ளி வைத்த எழுத்து என்று ஒன்று நம்மிடம் இருப்பது பெரிய வசதி. ஃபோனிக்ஸில் மிகக் கடினமான காரியம், உயிரொலி ஒட்டாமல் மெய்யை மட்டும் சொல்வது. 'பு, இ, னு' என்று டீச்சர் சொன்னால் பிள்ளைக்குப் 'புஇனு' என்றுதான் கேட்கும், 'பின்' எப்படி வரும்? ப் என்று உதட்டை மூடித் திறந்து சட்டென்று நிறுத்த வேண்டும். தமிழிலும் இதே சிக்கலை நாம் வேறு விதமாகக் கொண்டுவருகிறோம். மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறோம், பிறகு 'இக் + ஆ = கா' என்கிறோம், அந்த இகரம் எங்கே போனது என்று பிள்ளை கேட்காவிட்டாலும் மனதுக்குள் முட்டிக்கொள்கிறது. வரிசையை மனப்பாடம் சொல்லும்போது இக், இங் இருக்கட்டும், தவறில்லை. ஒலிகளைச் சேர்த்துப் படிக்கும்போது மட்டும் அந்த இகரத்தை விட்டுவிடுங்கள்.

சரி, இதெல்லாம் வேலை செய்கிறதா? இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. 2000-ல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஒலிகளை ஒழுங்கான வரிசையில் கற்பிப்பது, அப்படிக் கற்பிக்காததைவிடப் பிள்ளைகளின் வாசிப்புக்கு நல்லது என்றும், சிறு வயதிலேயே தொடங்கினால் பலன் கூடுதல் என்றும் சொன்னது. இங்கிலாந்தில் 2006-ல் வந்த ரோஸ் அறிக்கைக்குப் பிறகு இந்த முறை பள்ளிகளில் வலுவாக வேரூன்றியது. 2012 முதல் அங்கே முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 40 சொற்கள் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள், அதில் 20 சொற்களுக்கு அர்த்தமே கிடையாது, மனப்பாடம் செய்யாமல் ஒலியைச் சேர்த்துத்தான் பிள்ளை படிக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அப்படி. ஆக, எழுத்தைக் கண்டு சொல்லை வாயில் கொண்டுவருவதற்கு ஃபோனிக்ஸ் நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, வகுப்பறையில் நான் பார்த்ததும் அதுவே.

ஆனால் வாயில் சொல் வருவது மட்டுமே படிப்பு இல்லையே. ஸ்காட்லாந்தில் கிளாக்மன்னன்ஷயர் என்ற பகுதியில் இந்த முறையில் கற்ற பிள்ளைகளை ஏழு வருடம் தொடர்ந்து பார்த்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்பப் பள்ளி முடிக்கும்போது அந்தப் பிள்ளைகள் தனிச்சொற்களைப் படிப்பதில் தங்கள் வயதுக்கு 3.5 வருடம் முன்னால் இருந்தார்கள். படித்ததைப் புரிந்துகொள்வதிலோ 3.5 மாதம்தான் முன்னால் இருந்தார்கள். அந்த ஆய்வில் கடைசி வரை ஒப்பிட்டுப் பார்க்க வேறு முறையில் கற்ற ஒரு குழு இல்லை என்ற குறை உண்டு, அதனால் எண்களை அப்படியே தூக்கிப்பிடிக்க வேண்டாம். ஆனாலும் இந்த இடைவெளி சொல்வது முக்கியம். காஃப், டன்மர் என்ற இருவர் 1986-லேயே இதை எளிமையாகச் சொன்னார்கள்: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைக் கூட்டும் திறனும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கினால் வருவது. பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். ஒன்று பூஜ்யமாக இருந்தால் விடையும் பூஜ்யம். 'தி ஃபேட் ரேட் ஸேட் ஆன் தி மேட்' என்று கடகடவென்று படிக்கும் நம் பிள்ளைக்கு மேட் என்றால் பாய் என்று தெரியாவிட்டால், அது வாயால் ஓட்டிய ஓட்டம் மட்டுமே. இங்கிலாந்துப் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் பள்ளிக்கு வரும் முன்பே காதில் விழுந்திருக்கும். சேலத்துப் பிள்ளைக்கு விழுந்திருக்காது. அங்கே கண்ட பலனை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். ஃபோனிக்ஸ் விளம்பரங்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை, "மூணு மாசத்துல சரளமா இங்கிலீஷ்" என்று பலகை வைக்கிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

இரண்டு மொழியும் சேர்ந்தால் குழப்பமா என்பதற்கு வருகிறேன். ஒலியைப் பிரித்துக் கேட்கும் காது ஒரு மொழியில் வந்துவிட்டால் இன்னொரு மொழிக்கும் உதவும், திரும்ப முதலிலிருந்து வளர்க்க வேண்டியதில்லை. 'படி, மடி, கடி, வடி' என்று முதல் ஒலி மட்டும் மாறுவதைத் தமிழில் கேட்டுப் பழகிய பிள்ளை 'பின், டின், வின்' என்பதையும் கேட்டுவிடும். சேலத்தில் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசுகிறார்கள், அந்தப் பிள்ளைகள் மூன்று மொழிகளோடு வகுப்புக்கு வருகிறார்கள், மொழி அதிகம் என்பதற்காக ஒரு பிள்ளை படிக்க முடியாமல் போனதை நான் பார்த்ததில்லை. சின்னச் சின்னக் கலப்பு வரும், தமிழ் எழுத்துக்கு நடுவே ஓர் ஆங்கில எழுத்தை நுழைப்பார்கள், அது போய்விடும்.

உண்மையான உரசல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் க, ச, ட, த, ப எழுத்துகள் இடத்துக்கு இடம் ஒலி மாறுபவை. கல், அக்கா, தங்கம், அகல் என்று சொல்லிப் பாருங்கள், ஒரே ககரம் ஒவ்வொன்றிலும் எப்படி ஒலிக்கிறது என்று. பம்பரத்தில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒன்றில்லை. தமிழ்ப் பிள்ளை இதை யாரும் சொல்லாமலே சரியாகச் சொல்லும், ஏனென்றால் அந்தச் சொல் அதற்கு முன்பே தெரியும். ஆங்கிலத்தில் பென்னுக்கும் பெஞ்சுக்கும் முதல் எழுத்தே வேறு, அதைத் தனியாகக் காதுக்குப் பழக்க வேண்டும். உள்ளங்கையைத் தொண்டையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பெஞ்ச் சொல்லும்போது அதிரும், பென்னின் தொடக்கத்தில் அதிராது. அடுத்து, ஆங்கிலச் சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டுவது, 'பஸ்' என்பது 'பஸ்ஸு' ஆவது. பேச்சில் இருக்கட்டும், ஒலி சேர்க்கும்போது விட்டுவிடலாம். 'ஏ' எழுத்தின் ஒலி 'ஆ'வும் இல்லை, 'ஏ'வும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் வாயை அகலமாகத் திறந்து சொல்வது. உங்கள் மகள் அதை 'ஆ' என்று சொன்னால் உலகம் முழுகிவிடாது. இதற்கு மாறாக, குறில் நெடில் நம் பிள்ளைக்குப் பெரிய வரம். ஷிப், ஷீப் வித்தியாசத்தை விளக்க வேறு நாட்டு டீச்சர்கள் படாதபாடு படும்போது, இகரம், ஈகாரம் தெரிந்த நம் பிள்ளை ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அப்பாயியின் அ, ஆ, இ, ஈ-யை நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

தமிழ் எளிது, பார்த்தபடி படித்துவிடலாம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், அது பாதிதான் உண்மை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247 வடிவங்கள் ஒரு சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு முன் நிற்கின்றன. கன்னடம் கற்கும் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு, நம் மொழிகளின் இந்த வகை எழுத்துமுறையில் தேர்ச்சி வர ஆங்கில எழுத்துகளைவிட அதிக காலம், சில ஆண்டுகள் கூடப் பிடிக்கும் என்று காட்டியது. தமிழுக்கும் இதையே நான் கண்ணால் பார்க்கிறேன். ஒன்றாம் வகுப்பிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும் என்று அடம்பிடித்தால் பிள்ளைதான் பாடுபடும்.

தமிழில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றால், கொம்பில். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் எகர ஒலி ககரத்துக்குப் பின்னால் வருகிறது. 'கொ' இன்னும் மோசம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு துணைக்கால், இரண்டும் சேர்ந்துதான் ஒகரம். இடமிருந்து வலமாக ஒலியைச் சேர்த்துப் படி என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே வந்தால் அந்த விதி உடைகிறது. எனவே கொம்பு எழுத்துகளை ஒரே முழு வடிவமாக, அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள், துண்டு துண்டாகப் பிரித்து விளக்காதீர்கள். உகர, ஊகார வரிசையும் அப்படித்தான், கு, சு, டு, து எல்லாம் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்துக்கு ட, ப, ம, ய, வ மாதிரி கோடு எளிதாக வரும் எழுத்துகளை எடுங்கள். ட, ப, ம வந்ததும் படம், பட்டம், மடம் என்று உண்மையான சொற்கள் வந்துவிடும், எழுத்து எதற்கு என்று பிள்ளைக்கு அன்றைக்கே புரியும். அ-விலிருந்து ஔ வரை முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவேன் என்றால் ஔடதம் வரும்வரை அவள் காத்திருக்க வேண்டும். ஒரு சின்ன விஷயம், உங்கள் அம்மா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவராக இருந்தால் லை, ளை, னை, ணா, றா போன்றவற்றைப் பழைய வடிவத்தில் எழுதக்கூடும். அழகான வடிவங்கள்தான், பாப்பாவின் நோட்டில் மட்டும் புதியதை எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பேச்சுத் தமிழும் புத்தகத் தமிழும். பாப்பா வீட்டில் "நாய் வந்துச்சு" என்கிறாள், புத்தகம் "நாய் வந்தது" என்கிறது. மலையில் இதை நான் இன்னும் கூர்மையாகப் பார்த்தேன். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் பேசுவது மலைத் தமிழ், புத்தகத்தில் இருப்பது யாரோ பேசும் தமிழ். எழுத்தைக் கூட்டி "இ-ரு-க்-கி-ற-து" என்று சரியாகப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "இருக்குதுன்னு சொல்றோம்ல, அதுதான்" என்றதும் முகம் மலரும். அங்கே ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் உட்கார்ந்திருக்கும், யார் எந்த எழுத்தில் நிற்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் நடத்த வேண்டியிருந்தது. 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரித்தபோது, இந்தத் தேவையை யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று மனசு நிறைந்தது. வீட்டில் இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். தினமும் ராத்திரி ஒரு கதையைப் புத்தகத்தில் இருக்கிறபடியே வாசித்துக்காட்டுங்கள், பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லாமல். 'வந்தது, இருந்தது, என்றான்' எல்லாம் காதில் ஏறிவிட்டால் பின்னால் அவளே படிக்கும்போது அந்நியமாகத் தெரியாது. ஆங்கிலத்துக்கும் இதே மருந்துதான், படத்தைக் காட்டிச் சொல்லுங்கள், முதலில் சொல்லும் பொருளும் காதுக்குள் போகட்டும்.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், புத்தகமே இல்லாமல் பத்து நிமிடம் போதும், தலை வாரும்போது, பஸ்ஸில் போகும்போது. முதலில் அசை: ஜவ்வரிசியைக் கைதட்டிச் சொல், எத்தனை தட்டு வருகிறது? அப்புறம் முதல் ஒலி: கொலுசு மாதிரி 'கொ'வில் ஆரம்பிப்பது என்னென்ன? கொய்யா, கொக்கு, கொடி, கொசு. அது சலித்ததும் ஒலியை மாற்று: 'படி'யில் முதலில் ம் வந்தால்? மடி. வ் வந்தால்? வடி. எதுவுமே இல்லாவிட்டால்? அடி. கடைசி ஒலி: கல், கண், கள், எது மாறியது? பிறகு நீங்கள் ஒலியாகப் பிரித்துச் சொல்லுங்கள், அவள் சேர்த்துச் சொல்லட்டும்: ம்... ஈ... ன்... என்னது? ம், ன், ல், ஸ், ஃப் போன்ற இழுத்துச் சொல்லக்கூடிய ஒலிகளில் தொடங்கினால் சேர்ப்பது எளிது, ப், ட், க் போன்றவை வெட்டென்று நின்றுவிடும், இழுக்க வராது, அவை இரண்டாவது. இதெல்லாம் வாயாலும் காதாலும் வந்த பிறகு எழுத்து அட்டையை எடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. காது தயாராகாமல் அட்டையைக் காட்டினால் பிள்ளை அதைப் படமாக மனப்பாடம் செய்துகொண்டு, படித்துவிட்டதாக நம்மை நம்பவைத்துவிடும்.

ஆங்கிலத்தில் ஒலியைக் கூட்டினாலும் வராத சொற்கள் வரும், 'தி' (the), 'வாஸ்' (was), 'செட்' (said), 'ஒன்' (one) மாதிரி. இவற்றில் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தோ இரண்டோதான் முரண்டு பிடிக்கும், மிச்சம் ஒழுங்காகவே இருக்கும். அந்த முரண்டு பிடிக்கும் இடத்தை மட்டும் வேறு கலரில் எழுதிக் காட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று போதும்.

இனி அழுகை. யு.கே.ஜி. வயதில் விரல்களும் மணிக்கட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன, மணிக்கட்டின் சிறு எலும்புகள் முழுதாக உறுதிப்படவே இன்னும் பல வருடங்கள் ஆகும். அந்தக் கையிடம் நாலு பக்கம் எழுது என்றால் வலிக்கும், வலித்தால் அழும், இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. எல்.கே.ஜி.யிலேயே கர்ஸிவ் என்னும் ஆங்கிலக் கூட்டெழுத்து எழுதவைப்பதில் எந்தப் பயனையும் நான் பார்த்ததில்லை, அது பெற்றோருக்குக் காட்டுவதற்காக எழுதவைப்பது. வாசிப்பையும் எழுத்தையும் கொஞ்ச நாள் பிரித்துவிடுங்கள். கை பழக, அப்பாயியோடு வாசலில் உட்கார்ந்து புள்ளி வைத்துக் கோலம் போடட்டும், மாவு பிசையட்டும், பூ கோக்கட்டும், ஈரத் துணியைப் பிழியட்டும். எழுத்து வடிவத்தை மணலில், தட்டில் பரப்பிய அரிசியில், தரையில் சாக்பீஸால் பெரிது பெரிதாகப் போடட்டும், போடும்போது அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்லட்டும். கோட்டை எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் சுழிப்பது என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே சரியாகக் காட்டிவிடுங்கள், பின்னால் மாற்றுவது கஷ்டம். அவளாக ஏதாவது எழுத முயன்றால், 'வாழைப்பழம்' என்பதை 'வாளபளம்' என்று எழுதினால், சிவப்பு மை வேண்டாம். அவள் காதில் கேட்டதை எழுதியிருக்கிறாள், அதுதான் நாம் வேண்டிக்கொண்டிருந்தது, ழகரம் பின்னால் வரும். பள்ளியில் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் கொடுத்தால், ஒரு வரி மட்டும் நன்றாக எழுதவைத்துவிட்டு மிஸ்ஸிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

வகுப்பில் சேர்ப்பதா? பள்ளியிலேயே ஃபோனிக்ஸ் நடக்கும்போது வெளியே இன்னொரு வரிசையில் நடத்தும் வகுப்பு தேவையில்லை என்பது என் கருத்து. பாப்பாவின் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை என்றால், பணம் கட்டும் முன் ஒரு நாள் கூட உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். டீச்சர் ப் என்கிறாரா பு என்கிறாரா, ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஒலி சேர்த்துப் படிக்க வாய்ப்பு கிடைக்கிறதா இல்லை எல்லோரும் கோரஸாகக் கத்துகிறார்களா, படித்த சொல்லின் அர்த்தம் கேட்கிறார்களா, இந்த மூன்றைக் கவனித்தாலே தெரிந்துவிடும். சான்றிதழ், கோப்பை, பட்டமளிப்பு உடையில் போட்டோ, இவற்றைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். செல்போனில் வரும் ஃபோனிக்ஸ் பாட்டுகளும் அப்படித்தான், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சொன்னால் ஓரளவு உதவும், தனியாகக் கையில் கொடுத்தால் பாட்டு மட்டும்தான் மனப்பாடமாகும்.

இங்கே என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியை, மருத்துவர் இல்லை, நீங்கள் எழுதிய நாலு வரியை வைத்து உங்கள் பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. எழுத்தைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை பல பிள்ளைகளிடம் சாதாரணம், அதை வைத்து மட்டும் டிஸ்லெக்ஸியா, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு, என்று பயப்பட வேண்டாம். ஆனால் நன்றாகச் சொல்லிக்கொடுத்த பிறகும் இரண்டாம் வகுப்பு முடியும்போது மூன்று ஒலிகளைச் சேர்க்க வரவில்லை, ஒரே எழுத்தைத் தினமும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள், ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை, குடும்பத்தில் வேறு யாருக்கும் படிப்பில் இதே சிரமம் இருந்தது என்றால் காத்திருக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ப், ட், க் வித்தியாசமே கேட்காது, அதைத் தெரியாமல் மந்தம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் காட்டலாம். கற்றல் குறைபாடு என்று சந்தேகம் வந்தால் சென்னையில் 1991 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கத்தை அணுகலாம்.

பள்ளியில் இதுவரை எந்தெந்த எழுத்துகளின் ஒலி முடிந்திருக்கிறது என்று மிஸ்ஸிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். அந்த எழுத்துகளை மட்டும் வைத்து அவள் படிக்கக்கூடிய சொற்களும், அதே ஒலிகள் வரும் தமிழ்ச் சொற்களும் தொகுத்துப் போடுகிறேன், அப்பாயியும் பாப்பாவும் சேர்ந்தே விளையாடலாம்.